கடலைச் சுருக்கிய கோடு



1494இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் உலகத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. தொர்தெசியாஸ் ஒப்பந்தப்படி அட்லாண்டிக் கடலில் வடக்குத் தெற்காக ஒரு கோடு. அதன் மேற்கே ஸ்பெயினுக்கு, கிழக்கே போர்ச்சுகலுக்கு. பூமி உருண்டை அல்லவா? கோடு மறுபக்கத்திலும் எங்கோ இறங்கியாக வேண்டும். எங்கே என்பதில்தான் வழக்கு முளைத்தது. அன்று உலகில் வேறெங்கும் விளையாத கிராம்பு, அந்தப் பக்கத்து மலுக்குத் தீவுகளில் விளைந்தது.

ஸ்பெயினுக்காகக் கடலேறிய மகெல்லனின் மாலுமிகள் 1520, 21இல் பசிபிக்கைக் கடக்க மூன்று மாதத்துக்கு மேலானது. பசி தாங்காமல் தோலை ஊறவைத்துத் தின்றார்கள். ஆனாலும் கடல் எத்தனை பாகை அகலம் என்று அவர்களால் அளந்து சொல்ல முடியவில்லை. சூரியனையும் நட்சத்திரத்தையும் பார்த்து அட்சரேகையைக் கணித்துவிடலாம். தீர்க்கரேகைக்கு நம்பகமான கடிகாரம் வேண்டும். அது வர இன்னும் இரண்டு நூற்றாண்டு இருந்தது.

1524இல் எல்லையூரான படஹோஸ் பக்கம் இரு தரப்பு நிபுணர்களும் கூடிப் பேசினார்கள், முடிவு எட்டப்படவில்லை. ஸ்பெயின் தரப்பில் இருந்தவர்களில் ஒருவர் தியோகோ ரிபெய்ரோ. பிறப்பால் போர்ச்சுகீசியர், செவில்யா நகரின் கடல் வாணிப அலுவலகத்தில் ஸ்பெயின் மன்னருக்காக வரைபடங்கள் வரைந்தவர். மாலுமிகள் கொண்டுவந்த செய்திகளையெல்லாம் அங்கே அரசு மூலப்படத்தில் சேர்ப்பது வழக்கம். 1529இல் ரிபெய்ரோ வரைந்த உலகப்படத்தில் பசிபிக் பரந்தே கிடக்கிறது. ஆனால் மலுக்குத் தீவுகள் மட்டும் ஸ்பெயின் பாதிக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. தெரியாத அளவை அவர் மன்னருக்குச் சாதகமாக நிரப்பினார்.

அதே ஆண்டு சரகோசா ஒப்பந்தத்தில் ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் சார்லஸ், மலுக்குத் தீவுகள் மீதான உரிமையை 3,50,000 டூகட் பொற்காசுகளுக்குப் போர்ச்சுகலுக்கே விட்டுக்கொடுத்தார். நிரூபிக்கப்படாத ஒரு கோட்டுக்குக் கிடைத்த விலை அது.

அத்தோடு ஸ்பெயினின் ஆசை அடங்கவில்லை. பின்னாளில் ஸ்பெயின் மன்னரின் நிலநூலறிஞராக இருந்த ஹுவான் லோபெஸ் தெ வெலாஸ்கோ, சீனா, ஜப்பான், பிலிப்பைன்ஸ் எல்லாவற்றையும் 'மேற்கு இந்தியா' என்று ஸ்பெயினின் கணக்கில் சேர்த்து வரைந்தார். அவர் படங்களைத் தழுவியே 1601இல் ஸ்பானிய வரலாற்றாசிரியர் எரேராவின் நூலும் அச்சானது.

இன்றைய அளவில் பார்த்தால் மலுக்குத் தீவுகளும் பிலிப்பைன்ஸும் போர்ச்சுகல் பாதிக்குள்தான் விழுகின்றன. ஆனாலும் 1565இல் பிலிப்பைன்ஸில் காலூன்றிய ஸ்பெயின், 1898 வரை அதை ஆண்டது.