கையெழுத்துக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

(இரணியல் இளைஞர் கூட்டத்தில் நமது ஐ.டி. விங் தோழர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரு ரீல்ஸ் சுத்திட்டு இருக்கு. இரணியல் அரண்மனையக் காட்டி, "ஆண்ட பரம்பரை நாஞ்சில் வெள்ளாளர்"னு பாட்டு. ஃபார்வர்டு பண்ணது நம்ம பயலுவளும்தான். அந்த அரண்மனை வேணாட்டு ராஜாக்களோடது மக்கா. வெள்ளாளர் கையில இருந்தது வயல். அந்த வயல்ல பாடுபட்டவங்க கதை தனி. இதே தென்திருவிதாங்கூர்லதான் தோள்சீலை போடவே போராட வேண்டி இருந்துச்சு.

நாஞ்சில் வெள்ளாளர் தமிழ் பேசுற வேளாண் குடி. வேணாட்டு ஆட்சியில, நாயர்கள் மாதிரி மருமக்கள் வழிக்குப் போனாங்க. மக்கள் வழியிலயே நின்னவங்களும் உண்டு. மருமக்கள் வழின்னா, குடும்பச் சொத்து பெத்த பிள்ளைக்கு இல்ல, சகோதரி பிள்ளைக்கு. "ஆகா, பெண்வழிச் சமூகம்!"னு ஆன்லைன்ல சிலிர்க்கிறாங்க. சாவிக்கொத்து யார் இடுப்புல இருந்துச்சு? காரணவர் இடுப்புல. புருஷன் கண்ண மூடினா, பொண்டாட்டியும் பிள்ளைகளும் 'உகந்துடைமை'ங்கிற சின்னப் பங்குக்குக் கைய ஏந்தணும்.

இதை வெளியாளு வந்து சொல்லல. தேரூர்க்காரர், அதே சமூகத்துல பொறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை எழுதினார். 'மருமக்கள் வழி மான்மியம்' முழுக்க, அஞ்சாவது பொண்டாட்டியா வாக்கப்பட்ட ஒருத்தி புலம்புற கதை. சிரிச்சுக்கிட்டே படிக்கலாம், அப்புறம் தொண்டை அடைக்கும். 1926-ல திருவிதாங்கூர்ல நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்து, மனைவி மக்களுக்குச் சொத்துல உரிமை கிடைச்சுது. செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது 1929-ல. பெருமை பேசணும்னா இதைப் பேசு!

இப்ப என்ன நடக்குது? வயலெல்லாம் பிளாட் ஆகி, சென்ட் கணக்குல விலை ஏறுது. உடனே தங்கச்சிக்கு ஃபோன். "உனக்குத்தான் நகை போட்டாச்சே, ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போ." பத்திரப்பதிவு ஆபீஸ்ல விடுதலைப் பத்திரம் ரெடியா இருக்கும். இது வெள்ளாளர் வீட்டுல மட்டும் இல்ல, எல்லாச் சாதியிலயும் நடக்குது. பெண்ணுக்குச் சம பங்குன்னு கலைஞர் ஆட்சியில 1989-லயே சட்டம் வந்தாச்சு. அதுக்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்க அப்ப விடுபட்டாங்க, 2005 மத்திய சட்டம் அவங்களையும் சேர்த்துக்கிச்சு. நகை போட்டதால பங்கு போயிடாது.

அக்கா, தங்கச்சிமாரே, பத்திரத்த வீட்டுக்கு வாங்கிட்டு வந்து, ஒவ்வொரு வரியா படிங்க. வக்கீல் ஃபீஸுக்குப் பயமா? நாகர்கோவில் கோர்ட்ல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு. பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் வச்சுத் தருவாங்க.

தம்பிமாரே, அந்த ரீல்ஸ டெலிட் பண்ணிட்டு இதை ஷேர் பண்ணுங்க.