மந்தம் எங்கே உளது?



முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்காசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கணினியைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் வினவலாம். கணினியை நான் கற்றது காலங்கடந்துதான். ஆயினும், ஒன்று மெதுவாக நடந்தால் அதன் காரணம் யாது என்று ஆராய்வது ஆசிரியத் தொழிலின் அன்றாடக் கடமை அன்றோ? அக்கடமையில் நான் தவறியதும் உண்டு. அதனையும் இன்று சொல்லக் கருதுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு மாணவன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயின்றுகொண்டிருந்தான். தந்தையார் தச்சுத் தொழிலாளி. ஒரு நாள் மாலை, பிறரிடம் விலைக்கு வாங்கிய பழைய மடிக்கணினி ஒன்றுடன் என்னிடம் வந்தான்.

“ஐயா, இது வேலைக்கு ஆயத்தமாவதற்குள் பொறுமை போய்விடுகிறது. செயலியை மாற்றினால் சரியாகும் என்கிறார்கள். விடுமுறையில் உழைத்து ஆறாயிரம் ரூபாய் சேர்த்திருக்கிறேன். மாற்றலாமா?” என்றான். தேர்வுக் கட்டணமும் அதே பணத்திலிருந்துதான் கட்டவேண்டும் என்பதைத் தயங்கித் தயங்கிப் பின்னர்ச் சொன்னான்.

“மாற்ற இயலுமா என்று முதலில் பார்ப்போம், தம்பி. மாற்ற வேண்டுமா என்பதை அதன்பின் பார்ப்போம்” என்றேன்.

பிராசசர் எனப்படும் செயலியே கணினியின் மூளை. மேசைக் கணினியில் பெரும்பாலும் அது கழற்றி மாட்டத்தக்க பொருத்துவாயில் அமர்ந்திருக்கும். மடிக்கணினியில் அவ்வாறன்று. இன்டெல் நிறுவனம் 2013இல் வெளியிட்ட நான்காம் தலைமுறை வரையில், மடிக்கணினிச் செயலிகள் சில பொருத்துவாயில் அமைந்தன. அதன் பின்னர் வந்தவை மதர்போர்டு என்னும் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டவை. அவற்றை மாற்ற எண்ணுவது பெரும்பாலும் வீண் முயற்சியே.

இம்மாணவனுடைய கணினியிலோ 2012இல் வெளிவந்த கோர் ஐ5-3320எம் என்னும் செயலி பொருத்துவாயில் இருந்தது. மாற்ற இயலும். எனினும் பொருத்துவாய் ஒத்திருந்தால் மட்டும் போதாது. பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருள் புதிய செயலியை ஏற்கவேண்டும். அது எழுப்பும் வெப்பத்தை வெளியேற்ற விசிறிக்கு வலிமை வேண்டும். 35 வாட்டுக்கு அமைந்த விசிறியின்கீழ் 45 வாட்டுச் செயலியை வைத்தால், வெப்பம் மிகுந்து அதுவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கடைக்காரர் குறிப்பிட்டது கோர் ஐ7-3632கியூஎம். இதுவும் 35 வாட்டுதான். பழையதில் இரண்டு கோர்கள், இதில் நான்கு. நான்கு தச்சர் சேர்ந்து செய்யத்தக்க வேலையாயின் விரைந்து முடியும். ஒருவரே செய்யவேண்டிய வேலையாயின்? பழையதன் உச்ச வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ்; புதியதன் உச்ச வேகம் 3.2. அங்கே ஊதியம் ஏதும் இல்லை.

அடுத்து, மாற்ற வேண்டுமா என்பதைப் பார்த்தோம். அவன் நாள்தோறும் செய்யும் வேலைகளையே செய்யச் சொல்லி, டாஸ்க் மேனேஜர் என்னும் கண்காணிப்புப் பக்கத்தைத் திறந்தோம். செயலி நூற்றுக்கு இருபது அளவே உழைத்தது. நினைவகம் 4 ஜிகாபைட், ஏறக்குறைய நிரம்பியிருந்தது. ஹார்ட் டிஸ்க் நூற்றுக்கு நூறு என்று நின்றது.

இதன் பொருளைக் கணக்கிட்டுப் பாருங்கள். அந்த வட்டு நிமிடத்திற்கு 5,400 சுற்றுகள் சுழல்வது. அதாவது வினாடிக்கு 90. வேண்டிய செய்தி முனையின்கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச்சுற்று ஆகும். அது வினாடியில் 180இல் ஒரு பங்கு. செயலியின் அடிப்படை வேகமோ வினாடிக்கு 260 கோடித் துடிப்புகள். ஆகவே ஒவ்வொரு முறையும் சுழற்சிக்காக மட்டுமே ஏறத்தாழ 1 கோடியே 44 லட்சம் துடிப்புகள் கழிகின்றன. மூளை மந்தமன்று, அது காத்துக்கிடக்கிறது!

இதைக் கண்டபோது எனக்குப் பழைய நினைவொன்று வந்தது. எட்டாம் வகுப்பில் ஒரு சிறுவன் கரும்பலகைக் கணக்கை எழுதி முடிக்க எப்போதும் பிந்துவான். நான் அவனை மந்தன் என்று முடிவு கட்டி, கடைசி வரிசையில் அமர்த்தினேன். ஆண்டிறுதியில் நடந்த கண் பரிசோதனையில்தான் அவனுக்குத் தொலைவுப் பார்வை குறைவு என்பது தெரிந்தது. கண்ணாடி அணிந்தபின் கணக்குகளை நன்றாகவே செய்தான். ஆனால் அவ்வாண்டு அவன் தேர்ச்சி பெறவில்லை. அந்த ஓராண்டை அவனுக்குத் திருப்பித் தர என்னால் இயலவில்லை.

மடிக்கணினிக்கு வருவோம். சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கினோம், நினைவகத்தை 8 ஜிகாபைட் ஆக்கினோம். பாடங்களை முதலில் வேறிடத்தில் படியெடுத்து வைத்துக்கொண்டோம். விசிறியின் தூசியைத் துடைத்து, செயலியின்மேல் உலர்ந்துபோன வெப்பக் களிம்பைப் புதிதாகப் பூசச் செய்தோம். கணினி விரைந்து இயங்கியது. தேர்வுக் கட்டணமும் தப்பியது.

செயலியே குறையாக இருப்பதும் உண்டு. வட்டும் நினைவகமும் ஓய்ந்திருக்க, வெப்பமும் அளவோடு இருக்க, செயலி மட்டும் நெடுநேரம் நூற்றுக்கு நூறு உழைக்குமாயின் குறை அதனிடமே. காணொளித் தொகுப்பு போன்ற பெரும்பணிகளில் இது நிகழும். அப்போதும் பழைய பொறியில் பெரும்பொருள் செலவிடுமுன் எண்ணுங்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் செயலிகளோ பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதலானவை. மூன்றாம் தலைமுறைச் செயலி ஒன்றை எடுத்து அதே தலைமுறையில் வேறொன்றை வைத்தால் இந்நிலை மாறாது. அத்தகைய கணினிக்கு லினக்ஸ் ஏற்றதொரு வழி.

ஆதலின், நண்பர்களே, பணப்பையைத் திறக்குமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். மாற்ற இயலுமா? மந்தம் அங்கேதான் உளதா? மாற்றினால் எத்தனை நாள் பயன் தரும்? பொறியைப் பற்றி இவ்வாறு கேட்டுப் பழகியவர், மனிதரைப் பற்றி முடிவு கட்டுமுன்னும் சற்றே நின்று அளந்து பார்ப்பார். நான் அளக்கத் தவறியவன்; நீங்கள் தவறாதீர்கள்.