மாதோட்டம் தாண்டி, அரிப்பு வரை

இன்றைக்கு மன்னார்ப் பக்கம் போகிறோம். பெருக்க மரம், கழுதைகள், கோட்டை, தலைமன்னார் இறங்குதுறை எல்லாம் நீங்கள் பார்த்தவைதான். பார்க்காதவர்களும் படத்திலாவது கண்டிருப்பீர்கள். ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன். தீவுக்குப் போகும் பாலத்திலேயே நாங்கள் ஏறப்போவதில்லை. தள்ளாடியில் தெற்கே திரும்பி வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை என்று கரையோரமாகப் போவதுதான் எண்ணம். அதற்கு முன்னம் மாதோட்டத்தில் கொஞ்சம் இறங்குவோம், கோபிக்காதீர்கள்.

மாதோட்டத்துத் திருக்கேதீச்சரத்துக்கு வருகிறவர்கள் பாலாவித் தீர்த்தத்தில் கால் நனைப்பார்கள், சாமி கும்பிடுவார்கள், வாகனம் ஏறிவிடுவார்கள். அக்கம்பக்கத்து மேடு பள்ளங்களை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. அந்த மேட்டுக்குக் கீழேதான் பழைய துறைமுகப் பட்டணம் கிடக்கிறது. குதிரை லாட வடிவம், சுற்றிவர இரட்டை அகழி. 1980இல் ஜோன் கார்ஸ்வெல் என்ற ஆய்வாளர் வந்து தோண்டத் தொடங்கினார். 1984இல் யுத்தம் வந்து வேலையை நிறுத்திவிட்டது. அந்த அகழ்வின் முழு அறிக்கை புத்தகமாக வந்தது 2013இல். நினைத்துப் பாருங்கள், குழி தோண்டத் தொடங்கியபோது பிறந்த பிள்ளைக்குப் புத்தகம் வரும்போது 33 வயது.

இடையில் 2009, 2010 ஆண்டுகளில் திரும்பவும் தோண்டினார்கள். இந்த முறை பானை ஓடு, மணி, காசு என்று மட்டும் தேடவில்லை. மண்ணை அள்ளித் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினார்கள். கருகிப்போன விதைகள் மேலே மிதக்கும், அவற்றைச் சல்லடையில் பிடித்துக் காயவைத்தார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் அரிசி களைகிற வேலைதான், ஆனால் கழுநீரில்தான் இவர்களுக்குச் சோறு. அகப்பட்டது என்ன? நெல் ஏராளம். கொஞ்சம் மிளகு. இந்த மண்ணில் விளையாத கோதுமை. திராட்சை விதை. அதோடு ஒரு கிராம்பு.

ஒரே ஒரு கிராம்பு, நேயர்களே. கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்ட மண்ணில் கிடந்தது. ஆசியாவில் அகழ்ந்தெடுத்த கிராம்புகளில் இதுதான் மிகப் பழையது என்று 2018இல் அறிவித்தார்கள். கிராம்பு மரத்துக்குச் சொந்த ஊர் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். அங்கிருந்து கப்பல் கப்பலாக மாறி மாதோட்டம் வந்து, யாரோ ஒருவருடைய கைதவறி நெருப்பில் விழுந்து கருகியிருக்கிறது. கருகினபடியால்தான் தப்பியது. கறியில் ஒழுங்காகப் போட்ட கிராம்பெல்லாம் வயிற்றுக்குள் போய் முடிந்துவிட்டது.

அதே காலத்து மாதோட்டத்துக் கல்வெட்டு ஒன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. முதலாம் இராசராசன் காலம். சோழநாட்டிலிருந்து வந்த தாழி குமரன் என்பவர் மாதோட்டத்தில் இராசராச ஈச்சரம் என்று ஒரு கோயில் எடுத்து, வைகாசி விசாகத் திருவிழாவுக்கு நிவந்தம் வைத்த செய்தி அதில் உண்டு. ஊருக்கும் அப்போது இராசராசபுரம் என்று பெயர் சூட்டியிருந்தார்கள். அந்தக் கோயில் இன்றைக்கு இல்லை. கல் மட்டும் கொழும்பில் நிற்கிறது. மன்னாரை முழுதாகப் பார்க்க விரும்புகிறவர் மன்னாருக்கு மட்டும் போனால் போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

கொழும்பு நூதனசாலை என்றதும் ஒரு சின்னக் கதை. 1877 சனவரி முதலாம் தேதி திறந்த கட்டடம் அது. கட்டியவர் வாப்பிச்சி மரைக்கார். திறப்பு விழாவில் ஆளுநர் கிரகெரி அவரை அழைத்து, உமக்கு என்ன பரிசு வேண்டும் என்று கேட்டாராம். பட்டம் கேட்கலாம், பணம் கேட்கலாம். அவர் கேட்டது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடவேண்டும் என்று. அப்படியே நெடுங்காலம் மூடினார்கள் என்று சொல்வார்கள். இதைவிடப் பெரிய விருது எனக்குத் தெரியவில்லை.

சரி, புறப்படுவோம். வங்காலையில் தண்ணீர் நின்றால் பூநாரைகளைப் பார்க்கலாம், நிற்காவிட்டால் வெயிலைப் பார்க்கலாம். அருவியாறு கடலில் கலக்கும் பக்கத்தைத் தாண்டினால் அரிப்பு. ஆளுநர் நோர்த் கட்டின மாளிகை ஒன்று அங்கே இடிந்து கடலுக்குள் சரிந்துகொண்டிருக்கிறது. ஊராருக்கு அது அல்லிராணி கோட்டை. அங்கேதான் உங்களைக் கூட்டிப்போக நினைத்தேன். ஆனால் மத்தியானமாகிவிட்டது, பசி.

இந்தக் கரையில் என்ன சாப்பிடுவது என்று என்னைக் கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். பிட்டும் திருக்கை வறையும். திருக்கையை அவித்துத் தோலை உரித்து, முள்ளை எடுத்து, சதையைக் கையால் உதிர்த்து, மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசைந்து, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, கடைசியில் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பொலபொலவென்று வறுத்து எடுப்பார்கள். சுறாவிலும் செய்வதுண்டு. சுறா வறைதான் பிள்ளை பெற்ற வீட்டுக்கு உகந்தது என்று என் அம்மம்மா சொல்வார். எனக்குத் திருக்கைதான்.

ஏன் இவன் வறைக் கதையில் நிற்கிறான் என்று நினைப்பீர்கள். இந்தத் திருக்கைக்கும் மன்னார் முத்துக்கும் ஒரு தொடுசல் இருப்பதாக ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். லிவர்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன்.

1891இல் முத்துக்குளிப்பு நடந்ததோடு கடல் கைவிரித்துவிட்டது. பத்து வருசத்துக்கு மேலாகப் பார்கள் என்னும் கடலடிப் படுகைகளில் எடுக்கக்கூடிய சிப்பி இல்லை, அரசாங்கத்துக்கு வருமானமும் இல்லை. அதனால் ஹேர்ட்மனைக் கூப்பிட்டார்கள், 1902 சனவரியில் அவர் வந்து சேர்ந்தார். ஜேம்ஸ் ஹோர்னல் என்பவர் துணைக்கு வந்தார். பெரிய பார், சேவல் பார், மோதரகம் பார், வங்காலைப் பார் என்று கடலடிப் படுகைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். மார்ச் மாதம் பெரிய பாரில் பார்த்தால், சின்னஞ்சிறு சிப்பிக் குஞ்சுகள் கணக்கில்லாமல் ஒட்டிக் கிடக்கின்றன. நவம்பரில் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. அந்தப் பார் கரையிலிருந்து தூரத்தில், ஆழ்கடல் விளிம்பில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கிளம்பினால் துடைத்துக்கொண்டு போய்விடும். முக்குளிப்பவர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் தாய்ப்பார். அங்கே பிறந்து மற்றப் பார்களுக்குச் சிப்பிகள் குடிபெயரும் என்பது அவர்கள் நம்பிக்கை. பேராசிரியர் அதற்கு ஆதாரமே இல்லை என்று எழுதினார். எழுதிவிட்டு அவரே என்ன ஆலோசனை சொன்னார் தெரியுமா? அந்தக் குஞ்சுகளை அள்ளிப் படகில் ஏற்றிச் சேவல் பார்ப் பக்கம் கொண்டுபோய் விடுங்கள் என்று. சிப்பி தானாகப் போகாது, நாங்கள் கொண்டுபோவோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

திருக்கைக்கு வருகிறேன். திருக்கை சிப்பியை ஓட்டோடு நொறுக்கித் தின்கிற மீன். கிளாத்தியும் அப்படித்தான். ஆகவே முத்துக்கு அது எதிரி. ஆனால் ஹேர்ட்மன் சொன்னது வேறு. நாடாப்புழு ஒன்றின் குஞ்சு சிப்பிக்குள் புகுந்து சாகிறது, அதைச் சுற்றித்தான் நல்ல முத்து வளர்கிறது, அந்தப் புழு பெரிதாவது சிப்பியைத் தின்ற திருக்கையின் வயிற்றில் என்றார். அப்படியானால் திருக்கை இல்லாவிட்டால் முத்தும் இல்லை. எவ்வளவு அழகான கணக்கு! துரதிர்ஷ்டம், 1912இல் ஜேம்சன் என்ற இன்னொரு ஆய்வாளர் இலங்கை முத்துகளை அறுத்துப் பார்த்துவிட்டு, இதில் புழுவைக் காணவில்லை என்று எழுதினார். எனக்கு என்னவோ இன்றும் வறை சாப்பிடும்போது பழைய கணக்கில்தான் பிரியம்.

மன்னார்க் கடலுக்கு 1903 ஒரு விசேசமான வருசம். ஹேர்ட்மனின் அறிக்கையில் முதல் பாகம் அந்த ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டி வெளியீடாக வந்தது. கொழும்பு நூதனசாலையின் ஆய்விதழ் ‘ஸ்பொலியா சீலானிக்கா’ தொடங்கியதும் அதே ஆண்டு, அப்போது இயக்குநர் ஆர்தர் வில்லி. பன்னிரண்டு வருச இடைவெளிக்குப் பிறகு முத்துக்குளிப்பு திரும்பவும் நடந்ததும் அதே ஆண்டுதான். அக்கரையில் சென்னை நூதனசாலை இன்னும் முந்திக்கொண்டது. 1894இல் எட்கர் தேர்ஸ்டன் வெளியிட்ட அதன் முதலாம் இலக்க வெளியீட்டின் பொருளே மன்னார் வளைகுடாவின் முத்தும் சங்கும்.

மரிச்சுக்கட்டிக் கரையில் முத்துக்குளிப்புப் பருவம் எப்படி இருந்திருக்கும்? மணல்வெளியில் திடீரென்று ஓலைக்குடில்களால் ஒரு பட்டணம். கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், பாரசீக வளைகுடா என்று எங்கெங்கோ இருந்தெல்லாம் ஆட்கள். 1905இல் மட்டும் ஏறத்தாழ 5 ஆயிரம் முக்குளிப்பவர்கள், 8 கோடிக்கு மேல் சிப்பிகள், அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபாய். கல்லில் காலை வைத்து இறங்கி, ஒரு நிமிசத்துக்குச் சற்று முன்பின்னாக மூச்சடக்கி அள்ளிக்கொண்டு வருவார்கள். கரையில் கொட்டு என்று ஒரு பெரிய அடைப்பு. அங்கே சிப்பியை மூன்று பங்காக்க வேண்டும். இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒன்று எடுத்தவனுக்கு. மூன்றில் எந்த இரண்டு என்று சொல்வது அரசாங்கத்து ஆள், ஆகவே எடுத்தவன் பங்கைச் சமமாகத்தான் வைப்பான். மாலையில் ஆயிரம் ஆயிரமாக ஏலம். 1906இல் அந்தக் கொட்டில் மேற்பார்வை செய்தவர்களில் யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து வந்த ஒரு இளைஞர், பெயர் லெனார்ட் வூல்ஃப். பிற்காலத்தில் எழுத்தாளர் வெர்ஜினியாவின் கணவர்.

ஏலத்தில் எடுத்தவர் சிப்பியை உடைப்பதில்லை, அழுகவிடுவார். ஈயும் புழுவும் தின்றபின் கழுவி எடுத்து, பித்தளைச் சல்லடைகளில் அரிப்பார்கள். இருபது கண், முப்பது, ஐம்பது என்று தொடங்கி ஆயிரம் கண் வரை. எந்தச் சல்லடையில் தங்குகிறதோ அது முத்தின் பருமன். பிறகு உருண்டையும் நிறமும் பார்த்து ஆணி, மசங்கு, கல்லிப்பு, குறுவல், பீசல், தூள் என்று தரம்.

சுறாவை மறந்துவிட்டேன்! கடலில் இறங்குவதற்கு முன்னம் சுறாவின் வாயைக் கட்ட ஒருவர் வேண்டும், அவர் கடல்கட்டி. மந்திரம் ஓதுவார், அவரில்லாமல் ஒருவரும் இறங்கமாட்டார்கள், அரசாங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. இலங்கையைப் பற்றிய தன் நூலில் எமர்சன் டெனன்ட் 1859இல் எழுதுகிறார், அன்றைய கடல்கட்டி ஒரு கத்தோலிக்கராம். மன்னாரை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

1906இல் லண்டன் கம்பனி ஒன்று வருசத்துக்கு 3 இலட்சத்து 10 ஆயிரம் ரூபாய் குத்தகைக்கு 20 வருசம் எடுத்தது. விஞ்ஞானம் இருக்கிறது, இனிக் கடல் சொன்னபடி கேட்கும் என்று நம்பினார்கள். 1907க்குப் பிறகு பல வருசம் சிப்பி இல்லை. கம்பனி இழுத்து மூடப்பட்டது. ஹோர்னல் சென்னைப் பக்கம் போய்ச் சங்கைப் பற்றி எழுதினார். கடைசிப் பெரிய குளிப்பு 1925இல். நான் அந்தக் கம்பனிக்காரருக்காகப் பெரிதாக வருந்தவில்லை.

தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அப்பால் கையைக் காட்டுகிறார், அல்லிராணி கோட்டைக்கு இன்றைக்கு நேரமில்லை. நீங்களே போய்ப் பாருங்கள். காலையில் போங்கள், மத்தியான வெயில் தாங்காது. குடிதண்ணீர் கொண்டுபோங்கள். சிலாவத்துறை, கொண்டச்சிப் பக்கம் கரையில் இறங்கினால் செருப்பைக் கழற்றவேண்டாம், மணலுக்குள் பழைய முத்துச்சிப்பி ஓடு கிடக்கும், காலைக் கிழித்துவிடும். திருக்கை வறை வேண்டுமென்றால் போகும்போதே சொல்லிவைத்துவிட்டுப் போங்கள், திரும்பிவரும்போது முடிந்திருக்கும்.