எட்டு பந்து வேலை

இந்த வாரம் ஸ்டுடியோ இல்லை. சிவகிரியில எங்க வீட்டு மொட்டைமாடியில உட்கார்ந்து பேசுறேன். நடுவுல மயில் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. ஊர் தெரியாதவங்களுக்கு: ராஜபாளையத்துல இருந்து தென்காசி போற ரோட்டுல, வாசுதேவநல்லூருக்கு முன்னாடி வரும். மேற்கே திரும்பினா மலை. கோடையில குளம் வத்திட்டா அதுதான் எங்க கிரவுண்ட்.

அந்த கிரவுண்ட்ல நேத்து ஒரு பஞ்சாயத்து. எங்க டீம்ல ஒரு அண்ணன் இருக்கார், நாற்பது தாண்டியாச்சு. டென்னிஸ் பந்துல அவர் அடிச்சா கரைக்கு அந்தப் பக்கம் போய்த்தான் தேடணும். ஆனா இப்ப முட்டி வலி. ரெண்டாவது ரன்னுக்கு வரமாட்டார், ஃபீல்டிங்ல நின்ன இடத்துலயே நிப்பார். மே மாச டோர்னமென்ட்டுக்கு அவரை எடுக்கணுமா வேண்டாமா? நான் சென்னையில வேலை பார்த்தாலும் லிஸ்ட் எழுதுற பொறுப்பு இன்னும் என்கிட்டதான் இருக்கு. 'லப்பர் பந்து' பார்த்தவங்களுக்கு இந்த அவஸ்தை புரியும். படத்துல பார்க்கும்போது ஜாலியா இருந்துச்சு.

ராத்திரி தூக்கம் வரல. தினேஷ் கார்த்திக் ஆடின மேட்ச் வீடியோவா பார்த்துக்கிட்டு இருந்தேன். அதனால இன்னைக்கு அவரைப் பத்திதான்.

பெரிய சிக்ஸ் அடிக்கிறவர்னு சொன்னா கெய்ல், பொல்லார்ட் மாதிரி ஓர் உருவம்தான் மனசுல வரும். கார்த்திக் அப்படி இல்லை. சின்ன உடம்பு. ஆரம்பத்துல அவர் ஹிட்டரும் இல்லை. 2004 செப்டம்பர்ல, 19 வயசுல, லார்ட்ஸ்ல முதல் ஒருநாள் போட்டி. நவம்பர்ல டெஸ்ட். டிசம்பர்ல தோனி வந்துட்டார். அவ்வளவுதான், கீப்பர் இடம் பூட்டிடுச்சு.

அதுக்கப்புறம் அவர் செஞ்சதைப் பாருங்க. எந்த இடம் காலியோ அங்க போய் நின்னார். 2006 டிசம்பர் 1, ஜோகன்னஸ்பர்க், இந்தியா ஆடின முதல் சர்வதேச டி20. 28 பந்துல 31 நாட் அவுட், ஆட்ட நாயகன் அவர்தான். 2007ல இங்கிலாந்துல டெஸ்ட் ஓப்பனர். அந்த சீரிஸை இந்தியா ஜெயிச்சது, நம்ம பக்கம் அதிக ரன் அவரோடது, 263. சச்சின், டிராவிட், கங்குலி எல்லாரும் இருந்த டீம்ல! அப்படியும் இடம் நிலைக்கல. மொத்தமே 26 டெஸ்ட். எல்லா வேலையும் தெரிஞ்சவருக்கு நிரந்தர வேலை கிடைக்காதுங்கிறது ஐ.டி. கம்பெனியில மட்டும் நடக்கிற விஷயம் இல்லை போல.

இப்ப கொழும்பு. 2018 மார்ச் 18, நிதாஹாஸ் டிராஃபி ஃபைனல், பங்களாதேஷ் அடிச்சது 166. 18வது ஓவர் முஸ்தாஃபிசுர். அந்த ஓவர்ல வந்தது ஒரே ஒரு லெக் பை, கூடவே கடைசிப் பந்துல மனிஷ் பாண்டே அவுட். மிச்சம் 12 பந்து, 34 ரன். கார்த்திக் உள்ள வர்றார். தன்னை ஏழாவதா இறக்கினதுல அவருக்கு வருத்தம் இருந்துச்சுன்னு ரோஹித்தே அப்புறம் சொன்னார்.

ரூபெல் ஹொசைன் ஓவர்: ஆறு, நாலு, ஆறு, ஒரு டாட், ரெண்டு, நாலு. 22 ரன். வந்த முதல் பந்தே சிக்ஸ். கடைசி ஓவர்ல 12 வேணும். அடுத்த முனையில விஜய் சங்கர், பிறந்தது நம்ம திருநெல்வேலியில. முஸ்தாஃபிசுர் ஓவர்ல தடுமாறினது அவர்தான். ஊரே திட்டிக்கிட்டு இருந்த மனுஷன், அஞ்சாவது பந்துக்கு முன்னாடி ஒரு ஃபோர் அடிச்சார், அதை யாரும் ஞாபகம் வச்சுக்கல. அடுத்த பந்துல தூக்கி அடிச்சு கேட்ச். கேட்ச் பிடிக்கிறதுக்குள்ள ரெண்டு பேரும் கிராஸ் பண்ணிட்டாங்க. அதனாலதான் கடைசிப் பந்துக்கு கார்த்திக் ஸ்டிரைக்ல இருந்தார். 2022 அக்டோபர்ல ஐசிசி அந்த விதியை மாத்திடுச்சு. இப்பன்னா புதுசா வந்த வாஷிங்டன் சுந்தர்தான் அந்தப் பந்தை ஆடியிருக்கணும்!

ஒரு பந்து, அஞ்சு ரன். ஆஃப் பக்கம் வந்த பந்தை எக்ஸ்ட்ரா கவர் மேல தட்டையா அடிச்சார். உயரமே போகல, கயிறைத் தாண்டி விழுந்துச்சு. 8 பந்துல 29. சூப்பர் ஓவருக்கு பேட் கட்டப் போயிருந்த ரோஹித் அந்த சிக்ஸையே பார்க்கல.

இதோட நிறுத்தினா நல்ல கதை. ஆனா 2019 ஜூலை, மான்செஸ்டர், உலகக் கோப்பை அரையிறுதி. மூணு விக்கெட் சீக்கிரம் போய் கார்த்திக் உள்ள வர்றார், 25 பந்துல 6 ரன். அதே ஆள்தான். அதுதான் அவரோட கடைசி ஒருநாள் போட்டி. 2021ல இங்கிலாந்துல மைக் பிடிச்சு வர்ணனை. நல்லாவே பேசினார், சட்டையும் கலர் கலரா. ரிட்டயர்மென்ட்டுதான்னு எல்லாரும் முடிவு பண்ணியாச்சு.

எனக்குப் பிடிச்ச பகுதி இனிமேதான். 36 வயசுல அவர் தன் வேலையைச் சுருக்கிக்கிட்டார். ஓப்பனிங் வேண்டாம், கேப்டன்சி வேண்டாம், கடைசி பத்து பதினஞ்சு பந்து மட்டும் போதும். தோள் பலத்தால அடிக்க முடியாதவர், அதனால ஃபீல்டை முதல்ல படிப்பார். ஷார்ட் ஃபைன் லெக் உள்ள இருந்தா நகர்ந்து வந்து ஸ்கூப், யார்க்கர் வைடா வரும்னு தெரிஞ்சா முன்னாடியே அங்க போய் நிப்பார். பேஸ்பால் ஹிட்டருக்கு இந்த வசதி கிடையாது, முன்னாடி இருக்கிற ஒரு துண்டுக்குள்ள அடிச்சாதான் கணக்கு, பின்னாடி போனா ஃபவுல். கிரிக்கெட்ல சுத்தி முழு வட்டமும் நம்மது.

2022ல ஆர்சிபிக்கு 330 ரன், ஸ்டிரைக் ரேட் 183. டெல்லிக்கு எதிரா ஒரே ஓவர்ல 28 அடிச்சார். பவுலர் யார் தெரியுமா? அதே முஸ்தாஃபிசுர். ஜூன்ல ராஜ்கோட்ல 27 பந்துல 55. சர்வதேச டி20ல அவரோட முதல் அரைசதம் அது. இந்தியாவோட முதல் மேட்ச்சுலயே ஆடினவருக்கு அது வர 15 வருஷம் தாண்டிடுச்சு.

சுருக்கிக்கிட்டா ஆபத்தும் உண்டு. அதே வருஷம் மெல்பர்ன்ல பாகிஸ்தான் மேட்ச், கடைசி ஓவர், ஒரு பந்து மிச்சம் வச்சு ஸ்டம்பிங் ஆயிட்டார். அஸ்வின் வந்து ஒரு வைடை விட்டு அடுத்த பந்துல முடிச்சு வச்சதால தப்பிச்சார். 2023 ஐபிஎல்ல மொத்தமே 140 ரன். பத்து பந்துதான் வேலைன்னா, ரெண்டு பந்து தப்பினா நாள் போச்சு.

அமெரிக்காவுல இதுக்குன்னே ஒரு பதவி இருக்கு, டெசிக்னேட்டட் ஹிட்டர். ஃபீல்டிங் கிடையாது, அடிக்கிறது மட்டும். பாஸ்டன் ரெட் சாக்ஸ்ல டேவிட் ஆர்டிஸ் 2016ல, 40 வயசுல, 38 ஹோம் ரன் அடிச்சிட்டு ரிட்டயர் ஆனார். நம்ம ஐபிஎல் இம்பேக்ட் பிளேயரும் கிட்டத்தட்ட அதுதான். எங்க குளத்து டோர்னமென்ட்ல இன்னும் வரல.

2024 ஏப்ரல் 15, பெங்களூரு. ஹைதராபாத் 287 அடிச்சிடுச்சு. தோக்கப் போறது எல்லாருக்கும் தெரியும். 38 வயசு கார்த்திக் 35 பந்துல 83, ஏழு சிக்ஸ். தோத்தாங்க. அந்த மாசம் நான் அதிக தடவை பார்த்த இன்னிங்ஸ் அது. அடுத்த மாசம் அகமதாபாத்ல எலிமினேட்டர், அங்கயும் தோல்வி, க்ளவுஸைத் தூக்கிக் காட்டிட்டு வெளியே வந்தார். ஜூன் 1, அவரோட 39வது பிறந்தநாள்ல ஓய்வை அறிவிச்சார். 2025ல அதே அகமதாபாத்ல ஆர்சிபி முதல் கோப்பையைத் தூக்கினப்போ அவர் பேட்டிங் கோச்.

காலையில அந்த அண்ணன் கடைக்குப் போனேன். பேச்சை எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம டீ குடிச்சுக்கிட்டு நின்னேன். அவரே கேட்டார்: "லிஸ்ட்டுல நான் இருக்கேனாடா?" இன்னும் எழுதலைண்ணேன்னு சொன்னேன். "ஏழாவதா போடு. ரெண்டு ஓவருக்கு மேல மிச்சம் இருந்தா என்னை எறக்காத, வேற பயலை அனுப்பு."

ஏழாவதா போட்டுட்டேன். அவரை ஃபீல்டிங்ல எங்க நிக்க வைக்கிறதுன்னுதான் இன்னும் தெரியல. ஐடியா இருந்தா சொல்லுங்க, அடுத்த வாரம் பேசுவோம்.