காதலர் தினத்தில் அடுப்படி யாருக்கு?



பிப்ரவரி 14 நெருங்கினாலே கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஜொகூர் பாருவிலும் பேரங்காடிகள் சிவப்பு நிறத்துக்கு மாறிவிடுகின்றன. சீனப் புத்தாண்டுக்குக் கட்டிய சிவப்பு விளக்குகளுக்குப் பக்கத்திலேயே இதய வடிவ பலூன்களும் தொங்கத் தொடங்கும். ரோஜாப்பூவின் விலை ஏறும். உணவகங்கள் வழக்கமான உணவுப் பட்டியலை எடுத்து வைத்துவிட்டு, இருவருக்கு இவ்வளவு வெள்ளி என்று தனிப் பட்டியலை நீட்டும். மேசைக்கு முன்பதிவு செய்ய வேண்டும். காரை நிறுத்த இடம் தேடி அலைய வேண்டும். இத்தனைக்கும் பிறகு, சைவம் சாப்பிடுபவருக்கு அந்தப் பட்டியலில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு தட்டு பச்சைக் காய்கறியும் வறுத்த உருளைக்கிழங்கும்தான்.

அதனால்தான் "வீட்டிலேயே சமைத்துச் சாப்பிடலாமே" என்ற எண்ணம் பல தம்பதியருக்கு வருகிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த எண்ணத்துக்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. சமைப்பது யார்?

ஆண்டு முழுவதும் அடுப்படியில் நிற்கும் பெண்ணிடம், "இன்றைக்கு நம் இருவருக்கும் விசேஷமாக ஏதாவது செய்" என்று சொன்னால் அது பரிசா? இல்லை, கூடுதல் வேலையா? கணவர் ஒரு ரோஜாவை வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தால், அந்த வீட்டில் காதலர் தினம் ஒருவருக்கு மட்டும்தான் நடந்திருக்கிறது.

நாட்காட்டி சொல்லும் செய்தி

இந்த நாளில் சைவ உணவு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நாட்காட்டியைப் புரட்டினால் விடை கிடைத்துவிடும். 2025ஆம் ஆண்டில் பிப்ரவரி 14 வெள்ளிக்கிழமையில் வந்தது. 2026ஆம் ஆண்டில் அது சனிக்கிழமை. மறுநாளே மகா சிவராத்திரி. வெள்ளியும் சனியும் சைவம் என்பது மலேசியத் தமிழ் வீடுகள் பலவற்றில் பாட்டி காலத்திலிருந்து வரும் வழக்கம். தைப்பூச விரதமும் இதே பருவத்தில்தான் வருகிறது. 2018, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளில் காதலர் தினமும் திருநீற்றுப் புதனும் ஒரே நாளில் வந்தன. அன்று கத்தோலிக்கர்கள் இறைச்சியை விலக்கி நோன்பு இருப்பார்கள். பௌத்த சமயத்தைச் சேர்ந்த சீனர்களில் பலர் புத்தாண்டின் முதல் நாளில் சைவம் சாப்பிடுவதுண்டு. ஆக, இந்த நாட்டில் பல வீடுகளுக்கு பிப்ரவரியில் சைவ உணவு புதிய செய்தி அல்ல.

இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. மனைவி சைவம், கணவர் அசைவம் என்று வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அந்த வீட்டில் அந்தப் பெண் தினமும் இரண்டு சமையல் செய்கிறாள். தான் வாயில் வைக்காத கோழிக் கறிக்கு உப்புப் பார்க்க மகனைக் கூப்பிடுகிறாள். தனக்கு வரும்போது மிச்சம் இருக்கும் ரசத்தையும் ஒரு பொரியலையும் வைத்துக்கொண்டு முடித்துவிடுகிறாள். ஆண்டில் ஒரு நாள், அவள் சாப்பிடும் உணவையே அவர் சமைத்து, அவள் தட்டில் இருப்பதையே தன் தட்டிலும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், அதைவிடப் பெரிய பூங்கொத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஆணுக்கு அடுப்படி அந்நியமா?

"ஆண்பிள்ளை கரண்டி பிடிப்பதா?" என்று இன்றும் முகம் சுளிக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சிறந்த சமையலுக்குத் தமிழில் என்ன பெயர்? நளபாகம் என்கிறோம், பீமபாகம் என்கிறோம். இரண்டுமே ஆண்களின் பெயர்கள். உருமாறி, வேறு பெயரில், தேரோட்டியாக வந்த நளனைத் தமயந்தி எப்படிக் கண்டுகொண்டாள்? அவன் சமைத்த உணவின் சுவையும் அவள் ஐயத்தைத் தீர்த்து வைத்தது. கணவனின் கைப்பக்குவம் மனைவிக்குத் தெரிந்திருந்த வீடு அது. இன்று எத்தனை மனைவிமார்களுக்குத் தங்கள் கணவரின் கைப்பக்குவம் தெரியும்?

கோயில் திருவிழா அன்னதானத்தில் அண்டா அண்டாவாகக் கிண்டுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கல்யாண வீட்டுச் சமையற்காரர்கள் ஆண்கள். ஐந்நூறு பேருக்குச் சமைக்கும் கைகளுக்கு வீட்டில் இரண்டு பேருக்குச் சமைக்கத் தயக்கம் என்றால், தடை கையில் இல்லை.

கடையில் கவனிக்க வேண்டியவை

முதன்முறையாகச் சைவம் சமைக்கப் போகிறவர் சமைப்பதற்கு முன் வாங்கும்போதே கவனமாக இருக்க வேண்டும். காய்கறியை வாங்குவதில் குழப்பம் இல்லை. குழப்பமெல்லாம் போத்தல்களிலும் பொட்டலங்களிலும்தான்.

மலேசியச் சமையலுக்கு உயிர்நாடியான பெலாச்சான் இறாலில் செய்யப்படுவது. சம்பால் என்று போத்தலில் விற்பதில் அநேகமாக அது இருக்கும், இல்லாவிட்டால் நெத்திலி இருக்கும். தோம்யாம் விழுதிலும் பெரும்பாலும் இறால் உண்டு. ஆய்ஸ்டர் சாஸில் சிப்பிச் சாறு இருக்கிறது. அதற்குப் பதில் காளானில் செய்த சைவ சாஸ் அதே அலமாரியில் கிடைக்கும். இனிப்புகளில் வரும் ஜெலட்டின், விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படுவது. அகார் அகார் கடற்பாசியில் இருந்து வருவதால் அதில் பயமில்லை. சில வகை சீஸ் தயாரிக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியைப் பயன்படுத்துகிறார்கள். சீனக் கடைகளில் இறைச்சி போலவே செய்து விற்கும் சைவப் பண்டங்கள் சிலவற்றில் முட்டை வெள்ளைக்கரு சேர்ந்திருக்கும்.

பொட்டலத்தின் பின்பக்கத்தை இரண்டு நிமிடம் படிப்பதும் அன்புதான். சைவம் என்று நம்பி ஒருவர் சாப்பிட்டு முடித்த பிறகு, அதில் இறால் இருந்தது என்று தெரியவந்தால், அந்த இரவின் சுவை முழுவதும் கெட்டுவிடும்.

இருவருக்கு ஒரு சைவ விருந்து

சமையல் பெரிதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பதினைந்து வகை வைத்தால் சமைத்தவர் களைத்துவிடுவார், பாத்திரம் கழுவுபவர் சலித்துவிடுவார். நான்கு வகை போதும். எல்லாவற்றுக்கும் பொருள் பக்கத்துச் சந்தையிலேயே கிடைக்கும்.

முதலில் மிளகு ரசம். பழுத்த தக்காளி இரண்டு, கோலி அளவு புளி, மிளகும் சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, பூண்டு இரண்டு பல். மிளகையும் சீரகத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாகத் தட்டிக்கொண்டு, தக்காளியைக் கரைத்த புளித்தண்ணீரில் சேர்த்து, உப்பும் மஞ்சளும் போட்டு அடுப்பில் வைக்க வேண்டும். நுரை கட்டி எழும்பியதும் இறக்கி, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டலாம். கொதிக்க விட்டால் மணம் போய்விடும். சிறிய கோப்பைகளில் ஊற்றி, சூடாகக் குடிக்கத் தர வேண்டும்.

அடுத்து தேங்காய்ப்பால் சோறு. ஒரு கோப்பை அரிசியைக் கழுவி, முக்கால் கோப்பை தேங்காய்ப்பால், முக்கால் கோப்பை தண்ணீர், ஒரு துண்டு இஞ்சி, முடிச்சுப் போட்ட பண்டான் இலை ஒன்று, அளவாக உப்பு சேர்த்து ரைஸ் குக்கரில் வைத்துவிட்டால் அது தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். பழைய அரிசியாக இருந்தால் தண்ணீரைச் சிறிது கூட்டிக்கொள்ளலாம்.

சோற்றுக்குத் துணையாகத் தெம்பே சம்பால். ஜாவாவில் பிறந்து மலேசியச் சந்தைகளில் நிலைபெற்றுவிட்ட உணவு தெம்பே. சோயா அவரையைப் புளிக்க வைத்துச் செய்வது. 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. "சைவத்தில் சத்து எங்கே?" என்று கேட்பவருக்கு இதுவே பதில். 200 கிராம் தெம்பேயை மெல்லிய துண்டுகளாக நறுக்கி, உப்பும் மஞ்சளும் தடவி, பொன்னிறமாகப் பொரித்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஊறவைத்த காய்ந்த மிளகாய் எட்டு, சின்ன வெங்காயம் பத்து, பூண்டு இரண்டு பல் ஆகியவற்றை அரைத்து, எண்ணெய் பிரியும்வரை மிதமான தீயில் வதக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் சம்பால் பச்சை வாடை அடிக்கும். பெலாச்சானின் இடத்தை நிரப்ப, சீனக் கடையில் போத்தலில் விற்கும் புளித்த சோயா அவரை விழுது ஒரு தேக்கரண்டி போதும். அதில் உப்பு அதிகம் என்பதால் தனி உப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. பிறகு இரண்டு கரண்டி புளிச்சாறு, சிறிது சர்க்கரை, கடைசியில் தெம்பே. ஒரு புரட்டு, இறக்கிவிடலாம். பக்கத்தில் கங்கோங் கீரையைப் பூண்டு போட்டு, அதிகமான தீயில், இரண்டு நிமிடம் வதக்கி வைத்தால் சோறு, சம்பால், கீரை மூன்றும் சேர்ந்து ஒரு தட்டு நிறைந்துவிடும்.

கடைசியாகச் சாகோ குலா மலாக்கா. அரை கோப்பை சாகோவை நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, மணிகள் கண்ணாடி போல் ஆனதும் வடிகட்டி, குளிர்ந்த நீரில் அலசி, இரண்டு கிண்ணங்களில் போட்டுக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். தென்னம்பாளையின் பதநீரில் காய்ச்சிய குலா மலாக்கா 100 கிராமைக் கால் கோப்பை தண்ணீரில் பண்டான் இலையோடு உருக்கி வடிகட்டினால் பாகு தயார். பரிமாறும்போது மேலே பாகு, அதற்கும் மேலே ஒரு சிட்டிகை உப்பு சேர்த்த தேங்காய்ப்பால். அந்த உப்புதான் இனிப்பை எடுத்துக் காட்டும்.

சாகோவையும் பாகையும் மாலை ஐந்து மணிக்கே செய்து குளிரவைத்துவிட வேண்டும். ஏழு மணிக்குச் சோறும் சம்பாலும். ரசம் எட்டு மணிக்குச் சற்று முன். கீரை உட்காரும் நேரத்தில். முன்பே வதக்கினால் கறுத்துவிடும். இந்த வரிசையில் செய்தால் ஒரே அடுப்பு உள்ள வீட்டிலும் பதற்றம் இருக்காது.

வேலையைப் பங்கிடுவது எப்படி?

இரண்டு பேரும் சேர்ந்து செய்தால் இன்னும் சிறப்பு. ஒருவர் வெங்காயம் உரிக்க, ஒருவர் மிளகாய் அரைக்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. "உப்பு எங்கே? கடுகு எந்த டப்பாவில்?" என்று இருபது முறை கூப்பிட்டால், சமைத்தது கணவர் என்றாலும் நின்றது மனைவிதான். சமையலுக்கு இறங்குகிறவர் முதல் நாளே அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பாத்திரம் கழுவி, அடுப்பைத் துடைத்து வைப்பதோடுதான் சமையல் முடிகிறது. மறுநாள் காலையில் சட்டிகள் தொட்டியில் காத்திருந்தால், முதல் நாள் இரவு கொடுத்த பரிசைத் திருப்பி வாங்கிக்கொண்டது போல் ஆகிவிடும்.

மனைவிமார்களும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வெங்காயம் கோணலாக நறுக்கப்பட்டிருக்கும். அடுப்பைச் சுற்றி எண்ணெய் தெறித்திருக்கும். "விடுங்கள், நானே செய்துகொள்கிறேன்" என்று கரண்டியைப் பிடுங்கிவிட்டால், அடுத்த ஆண்டு அவர் அந்தப் பக்கமே வரமாட்டார். முதல் சமையலுக்கு மதிப்பெண் போடக் கூடாது.

கூட்டுக் குடும்பத்தில் இது சாத்தியமா என்ற கேள்வியும் எழும். வீட்டில் மாமியார், மாமனார் இருக்கிறார்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை ஒதுக்கிவிட்டு இருவர் மட்டும் சாப்பிடுவது தமிழ்க் குடும்பத்துக்குப் பழக்கமில்லாதது. அளவைக் கூட்டிச் சமைத்து, பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் முதலில் பரிமாறிவிடலாம். மகன் கையால் சாப்பிடும் அம்மாவுக்கும் அது ஒரு விருந்துதான். ஒன்பது மணிக்கு மேல் மேசை இருவருக்கும் சொந்தம்.

ஜொகூர் பாருவிலிருந்து பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குத் தினமும் வேலைக்குப் போகிறவர்களை எண்ணிப் பார்க்கலாம். விடியும் முன்பே புறப்பட்டு, இரவில் நெரிசலைத் தாண்டி வீடு திரும்பும்போது சோறு மூடி வைத்திருக்கும். மனைவி பிள்ளைகளோடு தூங்கியிருப்பாள். ஒரே வீட்டில் இருந்தும் வாரக்கணக்கில் சேர்ந்து சாப்பிடாத தம்பதியர் அவர்கள். பிப்ரவரி 14 வேலை நாளாக அமைந்தால் அவர்களுக்கு அந்தத் தேதி கட்டாயமில்லை. அடுத்து வரும் ஓய்வு நாளில் வைத்துக்கொள்ளலாம். அன்புக்கு முகூர்த்தம் பார்க்க வேண்டியதில்லை.

காதலர் தினமே தமிழர் பண்பாடு அல்ல என்று கருதுவோர், அதைத் திருமண நாளுக்கு மாற்றிக்கொள்ளட்டும். பெயர் எதுவாக இருந்தாலும் பசி ஒன்றுதான். மெழுகுவர்த்திக்குப் பதில் அகல் விளக்கு ஏற்றலாம். கைத்தொலைபேசியை இன்னோர் அறையில் வைக்கலாம். தொலைக்காட்சியையும்தான், அந்த ஒரு மணி நேரம் எந்த நிகழ்ச்சியும் வீணாகிவிடாது.

ரோஜா மூன்று நாளில் வாடும். உணவகத்தின் ரசீது மாத இறுதியில் கடன் அட்டைக் கணக்கில் மீண்டும் தலைகாட்டும். ஆனால் மனைவிக்காக ஒருவர் கற்றுக்கொண்ட ரசம், அவள் காய்ச்சலில் படுத்திருக்கும் நாளிலும் உதவும், பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு அவள் எழ முடியாத நாளிலும் உதவும், முதுமையிலும் உதவும். இந்த பிப்ரவரியில் எத்தனை வீடுகளில் அந்த ரசம் முதன்முறையாகக் கொதிக்கப் போகிறது என்பதை நேயர்களே தீர்மானிக்கட்டும். கொதிக்க விடாமல் நுரையோடு இறக்கிவிட்டால் இன்னும் நல்லது.