வலி மாத்திரை கைமாறும் வழி: மாநாட்டுத் தலைமை உரை



எலும்பு மருத்துவரும் மாட்டு மருத்துவரும் பறவை ஆய்வாளரும் ஒரே அரங்கில் உட்கார்ந்து பேசுவது அபூர்வம். இன்று அவர்களை ஒரே கூரையின்கீழ் கூட்டியிருப்பது ஒரு வலி மருந்து. மூட்டுவலிக்காரரின் சட்டைப்பையில் இருக்கும் மாத்திரை அட்டையிலும், மடிநோய் கண்ட பசுவுக்கு ஒரு காலத்தில் கணக்கில்லாமல் போடப்பட்ட ஊசியிலும், மாயாற்றுப் பள்ளத்தாக்கின் பாறு கழுகுகளைப் பற்றிய வனத்துறைக் கோப்புகளிலும் ஒரே பெயர்தான் திரும்பத் திரும்ப வருகிறது: டைக்ளோஃபெனாக். ஸ்டீராய்டு அல்லாத அழற்சிநீக்கி மருந்துகள் என்ற பெரிய குடும்பத்தில் இது ஒரு பிள்ளை. ஆஸ்பிரின், இப்யூப்ரோஃபென், நாப்ராக்சென், மெஃபெனாமிக் அமிலம், நிமெசுலைடு எல்லாம் இதன் உடன்பிறப்புகள்.

இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளையான ஆஸ்பிரின் 1899இல் பேயர் நிறுவனத்தால் சந்தைக்கு வந்தது. அது எப்படி வலியைத் தணிக்கிறது என்பது அடுத்த 70 ஆண்டுகளுக்கு யாருக்கும் சரியாகத் தெரியாது. 1971இல்தான் லண்டனில் ஜான் வேன் அதற்கு விடை கண்டார். திசுவில் அடிபட்டால் உடல் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கிறது. வலி, வீக்கம், காய்ச்சல் மூன்றுக்கும் அதுவே தூதுவன். அதை உருவாக்கும் நொதியை இம்மருந்துகள் முடக்குகின்றன. இந்தக் கண்டுபிடிப்புக்காக வேன் 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இப்யூப்ரோஃபெனைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஸ்டூவர்ட் ஆடம்ஸ், மாஸ்கோவில் ஒரு மருந்தியல் மாநாட்டில் பேச வேண்டிய நாளில், முந்தைய இரவு அருந்திய வோட்காவால் வந்த தலைவலிக்குத் தம் மருந்தையே 600 மில்லிகிராம் விழுங்கிப் பார்த்தார். தலைவலி பறந்தது. மாநாட்டு மேடைக்கும் இந்த மருந்துகளுக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

டைக்ளோஃபெனாக் 1970களில் சுவிட்சர்லாந்தின் சீபா-கைகி நிறுவனத்திலிருந்து வந்தது. விரைவில் உலகின் பெரும்பாலான மருந்துக்கடைகளை எட்டியது. அதற்குக் காரணம் விளம்பரம் மட்டுமல்ல. சிறுநீரகக் கல் நகரும் வேதனையில் நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு வருபவரைப் பார்த்த எந்த மருத்துவருக்கும் இது தெரியும். படுக்க முடியாது, உட்கார முடியாது, சுவரைப் பிடித்துக்கொண்டு நெளிவார். 75 மில்லிகிராம் ஊசி ஒன்று உள்ளே போன அரை மணி நேரத்தில் அதே மனிதர் அசந்து தூங்குவார். முதுகெலும்பு இறுகும் நோயால் காலையில் கட்டிலைவிட்டு எழ முடியாத இளைஞருக்கும், மாதவிடாய் வலியில் பள்ளிக்குப் போகாமல் சுருண்டு படுக்கும் பெண்ணுக்கும், கண்புரை அறுவைக்குப் பின் சொட்டுமருந்து போட்டுக்கொள்ளும் முதியவருக்கும் இந்தக் குடும்பம் செய்திருக்கும் உதவி பெரிது. இதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் தீங்கைப் பற்றிப் பேச வேண்டும்.

தீங்கு வேறெங்கிருந்தும் வரவில்லை. நன்மை வரும் அதே வாசல் வழியாகத்தான் வருகிறது. புரோஸ்டாகிளாண்டினுக்கு வலியைச் சொல்வது மட்டும் வேலையல்ல. இரைப்பையின் உள்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும் அதுதான். இரத்த ஓட்டம் குறையும் நேரத்தில் சிறுநீரகத்துக்குள் நுழையும் நுண்தமனியை விரித்து வைத்திருப்பதும் அதுதான். நொதியை முடக்கினால் மூட்டில் வீக்கம் வடிகிறது. கூடவே வயிற்றில் புண் வருகிறது. இரத்தக்கொதிப்பு மாத்திரையும் சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் சாப்பிடும் ஒருவர் அவற்றோடு வலி மாத்திரையையும் சேர்த்தால், சிறுநீரகம் சில நாட்களிலேயே தடுமாறக்கூடும். வெயிலில் வேலை செய்து உடலில் நீர் வற்றியிருந்தால் ஆபத்து இன்னும் கூடுகிறது.

வயிற்றைக் காப்பாற்றப் போய் இதயத்தில் கை வைத்த கதையும் உண்டு. இந்த நொதியில் இரண்டு வகை இருப்பது 1990களின் தொடக்கத்தில் தெரிந்தது. இரைப்பையைக் காக்கும் வகையை விட்டுவிட்டு, அழற்சியில் பெருகும் வகையை மட்டும் முடக்கினால் போதுமே என்று ஆய்வாளர்கள் எண்ணினார்கள். அப்படி 1999இல் வந்ததுதான் ரோஃபிகாக்சிப். மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது உறுதியானதும் 2004 செப்டம்பர் 30 அன்று மெர்க் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது.

அதோடு முடியவில்லை. பழைய மருந்துகளையும் ஆய்வாளர்கள் அதே தராசில் நிறுத்தார்கள். 2013இல் லான்செட் இதழில் வெளியான பெருந்தொகுப்பாய்வு, நாளொன்றுக்கு 150 மில்லிகிராம் டைக்ளோஃபெனாக் எடுத்தவர்களிடமும் இதயத் தாக்கம் ஏறக்குறைய அதே அளவுக்குக் கூடுவதைக் காட்டியது. 1,000 பேர் ஓராண்டு அந்த அளவில் சாப்பிட்டால் சுமார் 3 பேருக்குக் கூடுதலாக மாரடைப்போ அதற்கு ஒப்பான பாதிப்போ வரும். அவர்களில் ஒருவர் உயிரிழப்பார். நாப்ராக்செனில் இந்த ஏற்றம் தென்படவில்லை. ஆனாலும் அதே ஆண்டு வந்த மற்றோர் ஆய்வு 100 நாடுகளின் அத்தியாவசிய மருந்துப் பட்டியல்களைப் பார்த்தபோது, டைக்ளோஃபெனாக் 74 பட்டியல்களில் இருந்தது, நாப்ராக்சென் 27இல் மட்டுமே இருந்தது. பழக்கத்தின் வலிமை அப்படி.

இந்த மாநாடு முன்வைக்கும் கருத்து இதுதான்: ஒரு வலி மருந்து எவ்வளவு தீங்கு செய்யும் என்பதை அதன் வேதியியல் பாதிதான் தீர்மானிக்கிறது. மறுபாதி அது எந்தக் கையிலிருந்து, எந்தக் கைக்கு, எத்தனை மாத்திரையாக, எந்தக் கேள்வியும் இல்லாமல் போகிறது என்பதில் இருக்கிறது.

நம் ஊர் மருந்துக்கடையின் முன் கால் மணி நேரம் நின்றால் போதும். "உடம்பு வலிக்கு ஒரு செட் கொடுங்க" என்று ஒருவர் கேட்பார். ஒரு சின்னக் காகித உறையில் மஞ்சள், வெள்ளை, ரோஸ் என மூன்று நான்கு மாத்திரைகள் விழும். ஒன்று வலிக்கு, ஒன்று வயிற்றுக்கு, மற்றொன்று எதற்கென்று கடைக்காரரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து என்று அட்டையில் சிவப்பில் அச்சிட்டிருப்பது, அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது கடையிலேயே தங்கிவிடுகிறது. மழைக்காலத்தில் இது உயிர் விளையாட்டு. டெங்குக் காய்ச்சலின் கடும் உடல்வலிக்கு இந்த உறையை வாங்கிப் போட்டவருக்குத் தட்டணுக்கள் குறைந்துகொண்டிருக்கும் வேளையில், இருக்கும் தட்டணுக்களின் வேலையையும் மருந்து கெடுக்கிறது, இரைப்பையிலும் கசிவை உண்டாக்குகிறது. டெங்கு ஐயம் இருந்தால் பாராசிட்டமால் மட்டுமே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான்.

இனி, அரங்கின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பறவை ஆய்வாளர்களின் பக்கம் திரும்பலாம். 1990களில் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் பாறுகள் கழுத்தைத் தொங்கவிட்டுக் கிளையில் அசையாமல் உட்கார்ந்திருப்பதையும், பிறகு மரத்தடியில் செத்துக் கிடப்பதையும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் பதிவு செய்தார். தொற்றுநோய் என்றே பலரும் நினைத்தார்கள். விடை பாகிஸ்தானிலிருந்து வந்தது. லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது கல்லீரலின் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படலம் ஒட்டியிருந்தது. அது யூரிக் அமிலம். சிறுநீரகம் செயலிழந்ததால் வெளியேற முடியாமல் உறுப்புகளின் மேல் படிந்துவிட்டது. அப்படி இறந்த 25 பறவைகளிலும் டைக்ளோஃபெனாக் எச்சம் இருந்தது. வேறு காரணத்தால் இறந்த 13இல் ஒன்றில்கூட இல்லை. 2004இல் நேச்சர் இதழில் இது வெளிவந்தது.

மருந்து போட்ட மாடு சில நாட்களில் இறந்தால், அதன் சடலத்தைத் தின்ற பாறும் இறக்கிறது. வெண்முதுகுப் பாறுக்குக் கிலோ எடைக்கு ஒரு மில்லிகிராமில் கால் பங்குகூடத் தேவையில்லை. மனிதன் சாதாரணமாக விழுங்கும் 50 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் பல பறவைகளின் சாவு அடங்கியிருக்கிறது. அதே மருந்தை அமெரிக்காவின் வான்கோழிக் கழுகு நூறு மடங்குக்கு மேலும் தாங்கிக்கொள்கிறது. 100 சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் நஞ்சிருந்தாலே போதும், கூட்டம் சரிந்துவிடும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். 1992க்கும் 2007க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 99.9 விழுக்காடு அழிந்தன.

பறவை போனால் மனிதனுக்கென்ன என்று கேட்பவர்களுக்கு, ஐயல் ஃபிராங்கும் அனந்த் சுதர்சனும் 2024இல் வெளியிட்ட பொருளியல் ஆய்வில் பதில் இருக்கிறது. சடலங்கள் அழுகிக் கிடந்தன, தெருநாய்கள் பெருகின, நீர்நிலைகள் கெட்டன. 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் கூடுதல் மனித இறப்புகள் பாறுகளின் மறைவோடு தொடர்புடையவை என்பது அவர்களின் மதிப்பீடு.

அரசு என்ன செய்தது? 2006இல் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக் உற்பத்தியை நிறுத்த உத்தரவிட்டது. மாட்டுக்கு மாற்று மருந்தான மெலாக்சிகாம் பாறுகளுக்குத் தீங்கு செய்வதில்லை என்பதும் அதே ஆண்டு தெரிந்துவிட்டது. 2008இல் அரசிதழ் அறிவிப்பும் வந்தது. ஆனாலும் மருந்து மாட்டுத் தொழுவத்துக்குப் போய்க்கொண்டேதான் இருந்தது. காரணம் குப்பியின் அளவு. மனிதருக்கென்று லேபிள் ஒட்டிய 30 மில்லிலிட்டர் குப்பி கடைகளில் கிடைத்தது. ஒரு மனிதருக்கு ஒரு வேளைக்கு வேண்டியது 3 மில்லிலிட்டர். 300 கிலோ மாட்டுக்கு 12 மில்லிலிட்டராவது வேண்டும். பெரிய குப்பி யாருக்கு வசதி என்பது விற்றவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். 2015 ஜூலையில்தான் மனிதருக்கான ஊசிமருந்தை 3 மில்லிலிட்டருக்கு மேல் அடைக்கக் கூடாது என்று ஆணை வந்தது. உற்பத்தியாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையை உறுதி செய்தது. மாட்டின் உடலுக்குள் டைக்ளோஃபெனாக்காகவே மாறும் ஏசிக்ளோஃபெனாக்கும், பாறுகளைக் கொல்லும் கீட்டோப்ரோஃபெனும் 2023இல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. 2024 இறுதியில் நிமெசுலைடும் அந்த வரிசையில் சேர்ந்தது.

இந்த வரலாற்றை மாத்திரைப் பெட்டியின் அளவோடும் சேர்த்துப் படிக்க வேண்டும். பிரிட்டன் 1998இல் பாராசிட்டமாலையும் ஆஸ்பிரினையும் ஒரே சமயம் எத்தனை மாத்திரை விற்கலாம் என்று வரையறுத்தது. மளிகைக் கடையில் 16, மருந்துக்கடையில் 32. அடுத்து வந்த ஆண்டுகளில் பாராசிட்டமால் விழுங்கி இறந்தவர்களின் எண்ணிக்கை குறைந்தது. 2015இல் அதே நாடு டைக்ளோஃபெனாக் மாத்திரையைச் சீட்டில்லா விற்பனையிலிருந்தே எடுத்துவிட்டது. இவை எவையும் புதிய மருந்தைக் கண்டுபிடித்த சாதனைகள் அல்ல. மருந்து கைமாறும் வழியைச் சற்றே குறுக்கியவை.

எதிர்க்கேள்வியும் நியாயமானது. கட்டட வேலைக்குப் போகும் பெண் மறுநாளும் சித்தாள் கூலியை விடக் கூடாதென்றால், அரை நாள் காத்திருந்து டாக்டரைப் பார்க்க முடியுமா? மாடு படுத்துவிட்டால் உடனே ஓடிவர ஊரில் கால்நடை மருத்துவர் இருக்கிறாரா? வலியைப் பொறுத்துக்கொள் என்று சொல்லும் உரிமை இந்த அரங்கில் எவருக்கும் இல்லை. அதனால் முழுத் தடை பற்றி இந்த மாநாடு பேசப்போவதில்லை. முழங்கால் வலிக்கு மாத்திரைக்கு முன் களிம்பைத் தரலாம். களிம்பிலிருந்து இரத்தத்துக்குள் போவது மாத்திரையோடு ஒப்பிட்டால் சுமார் 6 விழுக்காடுதான். மாத்திரையே வேண்டுமென்றாலும் குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு, வயிறும் சிறுநீரகமும் இதயமும் எப்படி இருக்கின்றன என்று கேட்ட பிறகு தரலாம்.

ஆகவே இன்றும் நாளையும் நடைபெறும் அமர்வுகளிடம் மூன்று கோரிக்கைகள். முதலாவது, மருந்தாளுநர் அமர்வு "செட்" விற்பனைக்கு மாற்றாக ஒரு நடைமுறையை எழுதித் தர வேண்டும். கர்ப்பமா, காய்ச்சலா, இரத்தக்கொதிப்பு மாத்திரை உண்டா, வயிற்றில் புண் வந்ததுண்டா என்ற நான்கு கேள்விகளைக் கேட்காமல் வலி மாத்திரை கை மாறக் கூடாது. இரண்டாவது, கால்நடை அமர்வு, பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாமும் டால்ஃபெனாமிக் அமிலமும் கிராம மருந்தகம் வரை தட்டுப்பாடில்லாமல் போக வழி சொல்ல வேண்டும். மாயாற்றங்கரை நீர்மருது மரங்களில் இன்னமும் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. அவற்றின் பிழைப்பு அந்த விநியோகத்தைப் பொறுத்தது. மூன்றாவது, மருத்துவர் அமர்வு பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் பழக்கத்தைப் பேச வேண்டும். மெஃபெனாமிக் அமிலத்தால் வரும் கடுமையான ஒவ்வாமை பற்றி இந்திய மருந்துத் தரநூல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்தது, அப்படி வந்து சேர்ந்த பதிவுகளைக் கொண்டுதான்.

இரண்டாம் நாள் மாலைக்குள் இம்மூன்றின்மேலும் தீர்மானங்கள் எழுத்தில் வர வேண்டும் என்ற வேண்டுகோளோடு, மாநாடு தொடங்கிவைக்கப்படுகிறது. முதல் அமர்வு மருந்தாளுநர்களுடையது. அவர்கள் மேடைக்கு வரலாம்.