தேநீர் மேசை முதல் அச்சுக்கூடம் வரை



சலோன் என்பது ஒரு பிரெஞ்சுச் சொல். வரவேற்பறை என்று பொருள். நம் ஊரில் முடிதிருத்தும் கடையைக் குறிக்கும் சலூன் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஐரோப்பாவில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. வீட்டுப் பெண்மணி மாலை வேளைகளில் தன் வரவேற்பறையைத் திறந்துவைப்பார். கவிஞர்களும் அறிஞர்களும் அதிகாரிகளும் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். அந்தக் கூடலுக்கும் சலோன் என்றே பெயர். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் பெண்கள் இந்தக் கூடலை ஒரு கலையாக வளர்த்தார்கள். அந்தக் கலை எழுத்தாகவும் அரசியலாகவும் மாறியதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அப்போது ஜெர்மனி என்று ஒரே நாடு கிடையாது. பிரஷ்யா, சாக்சனி, பவேரியா என்று பல அரசுகள். அவற்றின் பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1819இல் கார்ல்ஸ்பாட் ஆணைகள் வந்தன. 20 அச்சுத்தாளுக்கு, அதாவது ஏறத்தாழ 320 பக்கத்துக்கு உட்பட்ட எந்த வெளியீடும் தணிக்கை அதிகாரியின் கையைத் தாண்டித்தான் அச்சேற முடியும் என்று அவை விதித்தன. மேடையும் கிடையாது, வகுப்பறையும் கிடையாது, பத்திரிகையும் கிடையாது என்ற நிலையில் ஒரு பெண்ணுக்கு மிச்சம் இருந்தது அவள் வீட்டுக் கூடம்தான். அந்தக் கூடத்தின் கதவை யாருக்குத் திறப்பது என்பதை மட்டும் அவளால் முடிவு செய்ய முடிந்தது.

அந்த ஆணைகளுக்கு வெகு முன்பே அந்தக் கதவை முதலில் அகலத் திறந்தவர்களுள் ஒருவர் ராஹேல் லெவின். 1771இல் பெர்லினில் ஒரு யூத வணிகரின் மகளாகப் பிறந்தவர். யேகர் தெருவில், தன் குடும்பத்து வீட்டின் மேல்மாடி அறையில், 1790ஆம் ஆண்டை ஒட்டி விருந்தினர்களை வரவேற்கத் தொடங்கினார். பெரிய விருந்து எதுவும் இல்லை, தேநீர்தான். அந்தத் தேநீருக்கு யார் யார் வந்தார்கள் என்று பாருங்கள். அறிஞர்களான ஹும்போல்ட் சகோதரர்கள் வந்தார்கள். எழுத்தாளர்கள் ஃபிரீட்ரிஷ் ஷ்லேகலும் லுட்விக் டீக்கும் வந்தார்கள். பிரஷ்ய இளவரசர் லூயி ஃபெர்டினாண்டும் வந்தார். யூதர்களுக்கு முழுக் குடியுரிமை இல்லாத ஒரு நாட்டில், ஒரு யூதப் பெண்ணின் மாடி அறையில், அரச குடும்பத்து இளைஞரும் நடிகையும் வணிகரும் தத்துவம் படித்தவரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

ராஹேலின் கலை எது என்று கேட்டால், பேசவைக்கும் கலை என்பேன். கூச்சப்படுகிறவரிடம் சரியான கேள்வியைக் கேட்பது, உரக்கப் பேசுகிறவரை மனம் நோகாமல் நிறுத்துவது, பட்டத்தையும் பதவியையும் வாசலிலேயே கழற்றி வைக்கச் செய்வது, இவையெல்லாம் அதில் அடங்கும். இது பார்வைக்கு எளிது. செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். பேச்சு காற்றோடு போய்விடும் என்பதால் அவர் கடிதங்களையும் அதே கவனத்தோடு எழுதினார். ஆயிரக்கணக்கில் எழுதினார். கணவர் வார்ன்ஹாகன் அவற்றைத் தொகுத்து, ராஹேல் 1833இல் மறைந்த பிறகு வெளியிட்டார். தான் தனியாக ஒரு நூல் எழுதி வெளியிடாத ஒரு பெண், இன்று ஜெர்மன் இலக்கியத்தில் முக்கியமான எழுத்தாளர்.

நேயர்களே, இந்தக் கலையின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். 1806 அக்டோபரில் நெப்போலியனின் படை பெர்லினுக்குள் நுழைந்தது. இளவரசர் லூயி ஃபெர்டினாண்ட் அதே மாதம் போர்க்களத்தில் மாண்டார். மாடி அறை வெறிச்சோடியது. 1811இல் பெர்லினில் ஒரு புதிய விருந்துக் கழகம் தோன்றியது. அதை நிறுவியவர்களில் ஒருவர் கவிஞர் ஆகிம் ஃபான் ஆர்னிம். அந்தக் கழகத்தின் விதி, பெண்களுக்கு இடமில்லை, யூதர்களுக்கு இடமில்லை, மதம் மாறிய யூதர்களுக்கும் இடமில்லை என்றது. மேல்மாடியில் கிடைத்த சமத்துவம் படியிறங்கித் தெருவுக்கு வரவில்லை. வந்து தேநீர் குடித்தவர்கள், தங்கள் முறை வந்தபோது கதவைச் சாத்திக்கொண்டார்கள். 1819க்குப் பிறகு ராஹேல் மீண்டும் ஒரு சலோன் நடத்தினார். இளம் கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனே அங்கேதான் ஆதரவு பெற்றார். ஆனால் முதல் சலோனின் அந்த நம்பிக்கை உடைந்ததை ராஹேல் கடைசிவரை மறக்கவில்லை.

அந்த ஆகிம் ஃபான் ஆர்னிமின் மனைவிதான் நான் அடுத்துச் சொல்லப்போகும் பெட்டினா. ஏழு பிள்ளைகளின் தாய். 1831இல் கணவர் இறந்தார். அதே ஆண்டு பெர்லினில் காலரா பரவியபோது ஏழைகளுக்கு உதவி திரட்டினார். ஐம்பதை எட்டும் வயதில் எழுத்தாளராக அறிமுகமானார். கவிஞர் கோதேயோடு தான் நடத்திய கடிதப் போக்குவரத்தைத் தன் போக்கில் புனைந்து 1835இல் வெளியிட்ட நூல் அவருக்குப் பெரும் புகழ் தந்தது. அந்தப் புகழை அவர் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை, செலவழித்தார். எப்படி என்று சொல்கிறேன்.

1843இல் பெட்டினா ஒரு நூல் வெளியிட்டார். அதன் தலைப்பு, 'இந்த நூல் மன்னருக்குரியது'. மன்னருக்கே காணிக்கை என்று அட்டையில் போட்ட நூலைத் தணிக்கை அதிகாரி எப்படித் தொடுவார்? உள்ளே கோதேயின் தாயார் பேசுவது போல அரசையும் தண்டனை முறையையும் மதத்தையும் பற்றிய உரையாடல்கள். இவற்றைவிடக் கனமானது நூலின் இறுதியில் இருக்கும் பின்னிணைப்பு. பெர்லினின் ஹாம்பர்க் வாயிலுக்கு வெளியே ஏழைகளுக்கான குடும்பக் குடியிருப்புகள் இருந்தன. ஏறத்தாழ 400 அறைகளில் 2,500 பேர். க்ருன்ஹோல்ட்ஸர் என்ற இளம் சுவிஸ் ஆசிரியர் அறை அறையாகச் சென்று பார்த்தார். இந்த நெசவாளிக்கு வாரக் கூலி எவ்வளவு, வாடகை பாக்கி எவ்வளவு, பிள்ளைகள் எத்தனை, அடகு வைத்தது என்ன என்று குறித்துவந்தார். அந்தக் குறிப்புகளை பெட்டினா அப்படியே நூலில் சேர்த்தார். அலங்காரம் இல்லை, கண்ணீர் இல்லை. வரவும் செலவும் மட்டுமே. அதைப் படிக்கிறவருக்கு நெஞ்சு கனக்கிறது. சலோனில் உயர்ந்தோர் பேச்சைக் கேட்கப் பழகிய ஒரு காது, இங்கே அழைப்பே இல்லாதவர்களின் பேச்சைக் கேட்கிறது. ராஹேலின் கலை எட்டாத தூரம் இது.

1844இல் பெட்டினா ஏழைகளைப் பற்றி ஒரு நூல் எழுத எண்ணி, நாடு முழுவதிலுமிருந்து வறுமை பற்றிய தகவல்களை அனுப்பும்படி கேட்டார். சிலேசியாவிலிருந்து நெசவாளர் குடும்பங்களின் பட்டியல்கள் வந்தன. அந்த ஜூன் மாதம் சிலேசிய நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள், படை அவர்களைச் சுட்டது. தூண்டிவிட்டவர் என்ற பழி பெட்டினா மீதும் விழுந்தது. ஏழைகளைப் பற்றிய அந்த நூலை அவர் நிறுத்திக்கொண்டார். மூன்றாண்டு கழித்து, தன் நூல்களைத் தானே பதிப்பித்ததன் பேரில் பெர்லின் நகராட்சியோடு வழக்கு மூண்டது. நகராட்சியை அவமதித்தார் என்று நீதிமன்றம் இரண்டு மாதச் சிறை விதித்தது. குடும்பத்தாரின் தலையீட்டால் அவர் சிறைக்குப் போகவில்லை. அவருடைய பிறப்பும் பெயரும் கேடயமாயின. எல்லாப் பெண்களுக்கும் அந்தக் கேடயம் வாய்க்கவில்லை. 1846இல் லூயிசே ஆஸ்டன் என்ற எழுத்தாளரை அவருடைய கருத்துகளுக்காகவும் வாழ்க்கை முறைக்காகவும் பெர்லினை விட்டே வெளியேற்றினார்கள்.

லூயிசே ஆஸ்டனுக்காக எழுதுகோலை எடுத்தவர் மட்டில்டே ஃபிரான்சிஸ்கா அன்னெகே. முதல் திருமணம் முறிந்து, ஒரு மகளோடு தனித்து நின்று, மணவிலக்கு வழக்கில் சட்டம் பெண்ணை எப்படி நடத்தும் என்பதை அனுபவித்து அறிந்தவர். இரண்டாம் கணவரோடு கொலோன் நகரில் குடியேறினார். அந்த வீட்டில் சனநாயகவாதிகள் கூடினார்கள். இங்கே வரவேற்பறையோடு ஓர் அச்சு இயந்திரமும் சேர்ந்துகொண்டது. 1848இல் புரட்சி வெடித்தது, கணவர் சிறைப்பட்டார். பிள்ளை பெற்ற சில வாரங்களில் அன்னெகே தொழிலாளர்களுக்கான நாளேட்டைத் தொடங்கி நடத்தினார். செப்டம்பர் கடைசியில் கொலோனில் முற்றுகைச் சட்டம் வந்தது, நாளேடு நிறுத்தப்பட்டது. மறுநாளே 'பெண்கள் இதழ்' என்று பெயர் மாற்றி அச்சிட்டார். பெண்கள் பத்திரிகை என்றால் தையலும் சமையலும்தானே என்று அதிகாரிகள் நினைப்பார்கள் என்பது அவர் கணக்கு. இரண்டு இதழ் வந்தன, மூன்றாவதைப் பறிமுதல் செய்தார்கள். அடுத்த ஆண்டு பாடன்-பாலட்டினேட் பகுதியில் புரட்சிப் படை போரிட்டபோது, விடுதலையான கணவரோடு களத்துக்குக் குதிரையேறிச் சென்றார். தோல்விக்குப் பிறகு அமெரிக்கா போய், 1852இல் மில்வாக்கியில் மீண்டும் ஒரு ஜெர்மன் பெண்கள் இதழைத் தொடங்கினார்.

சாக்சனியில் இருந்தவர் லூயிசே ஆட்டோ. மைசன் நகரத்துப் பெண். மலைநாட்டில் லேஸ் பின்னிக் கண் கெடும் பெண்களைப் பற்றிக் கவிதை எழுதியவர். 1846இல் வந்த அவருடைய தொழிற்சாலை நாவலைத் தணிக்கை வெட்டியது. 1848இல் சாக்சனி அரசு தொழிலாளர் நிலையை ஆராய ஒரு குழுவை அமைத்தபோது, உழைப்பவர் என்ற சொல்லில் பெண்களும் அடங்குவர் என்று அமைச்சருக்கு எழுதினார். அடுத்த ஆண்டு அவரும் ஒரு 'பெண்கள் இதழ்' தொடங்கினார். அது தாக்குப்பிடித்தது. உடனே 1850இல் சாக்சனியின் புதிய அச்சுச் சட்டம், ஆண்கள் மட்டுமே பத்திரிகை ஆசிரியராகப் பொறுப்பேற்கலாம் என்றது. மக்கள் அதை 'ஆட்டோ சட்டம்' என்றே அழைத்தார்கள். ஒரு பெண்ணின் எழுத்துக்கு அரசு இதைவிடப் பெரிய சான்றிதழ் தந்திருக்க முடியாது என்று நான் கருதுகிறேன். அவர் இதழைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டி கேரா நகருக்குப் போனார். 1852 வரை நடத்தினார். அதே 1850இல் பிரஷ்யாவும் பெண்களை அரசியல் சங்கங்களில் சேரக் கூடாது என்று தடுத்தது. அந்தப் பட்டியலில் பெண்களோடு சேர்த்து வைக்கப்பட்டவர்கள் பள்ளி மாணவர்களும் தொழில் பழகும் பையன்களும்.

இந்த நால்வரையும் தராசில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது. ராஹேல் இல்லாமல் மற்றவர்கள் இல்லை. ஒரு பெண்ணின் கூடத்தில் கருத்து பிறக்க முடியும் என்று காட்டியவர் அவர். ஆனால் அழைக்கப்பட்டவருக்கு மட்டும் திறக்கும் கதவு, அழைத்தவரையே ஒரு நாள் தனியே விட்டுவிடும் என்பதும் அவர் வாழ்க்கையிலேயே தெரிந்தது. பெட்டினா அந்தக் கதவு வழியாக ஏழையின் கணக்கை உள்ளே கொண்டுவந்தார். அன்னெகே அறையையே அச்சகமாக்கினார். லூயிசே ஆட்டோ, கதவு என் வீட்டில் இருந்தால் போதாது, நாட்டின் சட்டத்தில் இருக்க வேண்டும் என்றார்.

1865 அக்டோபரில், லைப்சிக் நகரில், லூயிசே ஆட்டோவும் தோழியரும் அனைத்து ஜெர்மன் பெண்கள் சங்கத்தை நிறுவினார்கள். கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் ஒரு பெண், அவரேதான். வந்து உட்கார எந்த வீட்டுப் பெண்மணியின் அழைப்பும் தேவைப்படவில்லை. அரசியல் சங்கங்களில் பெண்கள் சேரலாம் என்று நாடு முழுமைக்குமான சட்டம் 1908இல்தான் சொன்னது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை, 1895இலேயே மறைந்துவிட்டார். யேகர் தெரு மாடி அறையில் முதல் தேநீர் ஊற்றப்பட்டதிலிருந்து அந்தச் சட்டம் வரை கணக்கிட்டால் நூறு ஆண்டுகளுக்கும் மேல். ஒரு கதவு முழுதாகத் திறக்க அத்தனை காலம் பிடித்தது. அதை ஒரு விரல்கடை ஒரு விரல்கடையாகத் தள்ளியவர்கள் இந்தப் பெண்கள்.